ஒரு சிவப்புக் கண்ணும் 740 ரூபாயும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

"இதனால் என்ன பயன்?" என்னும் கேள்வி நம் நாட்டில் எல்லாரிடமும் கேட்கப்படுவதில்லை. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தொலைநோக்கி வாங்கினால் அதற்குப் பெயர் விஞ்ஞான ஆர்வம். காட்டாங்குளத்தூரில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் தகட்டை இரம்பத்தால் அறுத்துக் கொண்டிருக்கும் பிள்ளையிடம் மட்டும் தெருவில் போகிறவர்கூட நின்று, "என்ன தம்பி, இதை வச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்பார். கேட்பவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது; அதைக் கல்லூரி மலரில்தான் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்.

நான் செய்தது ஒரு கண். 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் ஹால் 9000 என்று ஒரு கணிப்பொறி வரும். ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய படம். வியாழன் கோளை நோக்கிச் செல்லும் விண்கலத்தை அந்தக் கணிப்பொறிதான் நடத்துகிறது. அதற்குக் கை இல்லை, கால் இல்லை, முகமும் இல்லை. சுவரில் நீளவாக்கில் ஒரு கரும்பலகை. உச்சியில் நீலமும் கருப்புமாக ஒரு பெயர்ப் பட்டை. நடுவுக்குக் கீழே ஒரு வட்டக் கண்ணாடி, அதனுள்ளே சிவப்பு ஒளி, அதன் நடுவில் மஞ்சள் புள்ளி. அடியில் ஒலி வருவதற்கு ஒரு சல்லடை. அவ்வளவே. அசையாத இந்தப் பலகையைக் கண்டு நாம் நடுங்குகிறோம் என்றால் அது படமெடுத்தவர்களின் திறமை. திரையில் காணும் அந்தப் பலகையை, பார்த்தவர் 'அதேதான்' என்று சொல்லும்படி செய்துவிட வேண்டும், ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்று சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் முடிவு செய்தேன்.

ஏன் இந்தப் பொருள் என்று நண்பர்கள் கேட்டார்கள். ரஜினிகாந்த் நடித்த 'எந்திரன்' (2010) படத்துச் சிட்டியைச் செய்யலாமே, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே புரியுமே என்றார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் ஹாலுக்கும் நமக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. இந்தக் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையிலேயே வாழ்ந்தவர். 1982இல் அவர் எழுதிய இரண்டாம் பாக நாவலில், ஹாலை உருவாக்கி, அதற்குப் பேசக் கற்றுக் கொடுத்த விஞ்ஞானி டாக்டர் சந்திரா வருகிறார். அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! இரயிலில் படித்துக் கொண்டிருந்தவன் அந்தப் பெயரைக் கண்டதும் பொத்தேரியில் தலை நிமிர்ந்தேன். 1984இல் அந்தக் கதை படமானபோது அந்த வேடத்தை பாப் பாலபன் என்ற அமெரிக்க நடிகருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு செய்தி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கற்பனையில்தான் என்றாலும், உலகப் புகழ்பெற்ற கணிப்பொறிக்கு ஆசிரியர் ஒரு பிள்ளை என்று படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

திரைப்படத்தில் வரும் விஞ்ஞானப் பொருள்கள் எல்லாம் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யப்பட்டவை என்று நாம் நினைக்கிறோம். உண்மை பெரும்பாலும் வேறு. 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் ஒளிவாளை உலகமே அறியும். ரோஜர் கிறிஸ்டியன் என்பவர் பழைய காமிராவுக்குப் பொருத்தும் கிராப்ளெக்ஸ் பிளாஷ் விளக்கின் கைப்பிடியை எடுத்து, அதில் இரப்பர்ப் பட்டைகளை ஒட்டி அதைச் செய்தார். அந்தப் படத்தின் கலை அமைப்புக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1963இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' தொடரில் தோன்றிப் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளிய வைத்த 'டாலெக்' அரக்கர்களின் கை என்ன தெரியுமா? கைகழுவும் தொட்டியில் அடைப்பு எடுக்கும் இரப்பர்க் கிண்ணம்! 'ஸ்டார் டிரெக்' தொடருக்கென்று விசித்திரமான உப்புக் குப்பிகளை வாங்கினார்களாம். உப்புக் குப்பி என்றே அடையாளம் தெரியாது என்று தோன்றியதால் அவற்றை மருத்துவரின் கருவிகளாக்கி விட்டார்கள். நம் ஊரும் இதில் பின்தங்கியதில்லை. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில் பனிக்கால மாமத யானைகள் வருகின்றன. நம் யானைகளுக்குத்தான் செயற்கை உரோமம் போர்த்தியிருந்தார்கள். யானைகள் என்ன நினைத்தனவோ!

ஆகவே கையில் காசில்லாதவன் இந்தத் துறையில் அந்நியன் அல்லன். அந்தப் பொருள்களைச் செய்தவர்களும் கடைத்தெருவில் கிடைத்ததை வைத்தே செய்தார்கள். பின்னால்தான் அவற்றுக்கு விலை ஏறுகிறது. இதே '2001' படத்தில் நிலவுக்குச் செல்லும் உருண்டை வடிவ விண்கலத்தின் மாதிரி ஒன்று 2015இல் ஏலத்துக்கு வந்தது. ஆஸ்கார் பரிசு வழங்கும் அகாதெமி அதை 3,44,000 டாலருக்கு எடுத்தது.

இனி, செய்த கதை. முதல் வேலை அளவெடுப்பது. பொருள் கையில் இல்லை. திரையில் உள்ள நிழல்தான் இருக்கிறது. அக்காவுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி வீட்டில் உண்டு. (அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரியில் இருக்கிறேன் என்பதை இவ்விடத்தில் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.) படத்தை நிறுத்தி நிறுத்தி, திரை மீது அடிக்கோலை வைத்து அளந்தேன். பலகையின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் ஒரு காட்சியில் 3.04 வருகிறது, இன்னொன்றில் 3.21, மூன்றாவதில் 3.12. எது சரி? காமிரா சற்று மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்த்தால் பலகை குறுகித் தெரியும். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தவறான அளவோடு சரியான அளவைக் கூட்டி வகுத்தால் சரியான விடை வந்துவிடுமா? இரண்டு நாள் கழித்து ஒன்று உறைத்தது. பலகையில் ஒரு வட்டம் இருக்கிறதே! நேருக்கு நேர் பார்த்தால் அது வட்டமாகத் தெரியும். சாய்ந்து பார்த்தால் நீள்வட்டமாகிவிடும். எந்தக் காட்சியில் வளையத்தின் உயரமும் அகலமும் சமமோ அந்தக் காட்சியை நம்பலாம். சோதித்தேன். 3.12 தந்த காட்சியில்தான் வட்டம் வட்டமாக இருந்தது.

பேராசிரியப் பெருமக்கள் என்னை மன்னிக்க வேண்டும். இரண்டாண்டுகளாகச் செய்முறை வகுப்பில் நிற்கிறேன். ஓர் அளவீட்டை நம்பலாமா கூடாதா என்று நானாக யோசித்தது அன்றுதான் முதல் முறை. கூட்டு ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரியும். வராதபோது நான் என்ன செய்தேன்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரங்களை எழுதினேன். பதிவேட்டில் கையொப்பமும் கிடைத்தது. நான் மட்டும் செய்தேன் என்று சொன்னால் வகுப்புத் தோழர்கள் சிரிப்பார்கள். வேறு பலரும் செய்தார்கள் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். எனவே என் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஹாலின் பலகைக்கு விடை எந்த நூலின் கடைசிப் பக்கத்திலும் எனக்கு அச்சாகியிருக்கவில்லை. பொய்யாக எழுதி ஏமாற்ற அங்கே யாரும் இல்லை. பொய் அளவு எழுதினால் பொருள் கோணலாகிப் பல்லிளிக்கும்.

இன்னொரு சிக்கலும் வந்தது. திரையிலிருந்து விகிதம் கிடைக்கும், உண்மை அளவு கிடைக்காது. பலகை ஒரு சாண் உயரமா, இரண்டு முழமா? படத்தில் பயன்பட்ட கண்ணாடி நிக்கான் நிறுவனத்தின் 8 மி.மீ. மீன்கண் லென்சு. அது கையில் இருந்தால் அதையே அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றைக் கணக்கிடலாம். அதன் விலைக்கு நான் எங்கே போவது? எனக்குக் கிடைத்தது, உடைந்துபோன கண்காணிப்புக் காமிராவின் 75 மி.மீ. பிளாஸ்டிக் குமிழ். ஆகவே குமிழிலிருந்து தொடங்கினேன். குமிழைச் சுற்றி வளையம் 98 மி.மீ.; அதற்கேற்பப் பலகை அகலம் 125, உயரம் 390. மாமல்லபுரம் இங்கிருந்து தொலைவில்லை. அங்கே 1957 முதல் இயங்கும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் சிற்பம் கற்பவர்கள் தாலம் என்னும் முறையில் உருவத்தை வகுக்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம். உடல் அதன் இத்தனை மடங்கு என்பது கணக்கு. சிலை ஓர் அடியானாலும் பத்து அடியானாலும் தாலக் கணக்கு மாறாது. ஹாலின் கண்ணைத் தாலமாக வைத்து நான் செய்ததும் அதுவே. 'பார்த்து அப்படியே செய்வது படைப்பாகுமா, வெறும் ஈயடிச்சான் காப்பி அல்லவா?' என்று கேட்ட நண்பர் ஒருவருக்கு இதைத்தான் விடையாகச் சொன்னேன். ஒன்றை அப்படியே செய்யத் தெரிந்தவன் பிறகு மாற்றிச் செய்யலாம். அப்படியே செய்யவே தெரியாதவன் மாற்றிச் செய்ததாகச் சொன்னால், அது பெரும்பாலும் செய்யத் தவறியதற்கு வைத்த பெயராகத்தான் இருக்கும்.

என்னை மிகவும் அலைக்கழித்தது அந்தச் சிவப்பு ஒளி. ரிச்சி தெருவில் சிவப்பு எல்.ஈ.டி. வாங்கினேன். 5 வோல்ட் செல்போன் சார்ஜர், எல்.ஈ.டி. எடுத்துக்கொள்வது 2 வோல்ட். மிச்சம் 3 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் 150 ஓம் மின்தடை. கணக்கு ஒழுங்காக இருந்தது, ஒளிதான் ஒழுங்காக இல்லை. திரையில் காண்பது ஆழத்திலிருந்து பரவும் சிவப்பு. என்னுடையது ஊசி முனை. எல்.ஈ.டி.யின் தலையை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிய பின் ஒளி பரவியது. ஆனால் மஞ்சள் நடு எங்கே? கைப்பேசியில் படம் எடுத்துத் திரைக்காட்சியோடு ஒப்பிட்டால் என் கண்ணின் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் வெளிறிக் கிடந்தது.

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. 'அதேபோல்' என்றால் எதைப்போல்? படப்பிடிப்பு அரங்கில் இருந்த பொருளைப் போலவா, பிலிமில் பதிந்த உருவத்தைப் போலவா? இரண்டும் ஒன்றல்லவே! கண்ணைக் கூசும் ஒளியைப் பிலிம் ஒரு விதமாகக் காட்டும், நம் கண் வேறு விதமாகக் காட்டும். கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு எல்.ஈ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962இல்தான் உருவாக்கினார். படம் எடுத்த நாள்களில் அது கடைச்சரக்கு ஆகியிருக்கவில்லை. ஆகவே ஹாலின் கண்ணுக்குள் இருந்தது சாதாரண இழை பல்பும் சிவப்பு வடிகட்டியுமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். (ஹோலன்யாக் 1963இல் அர்பானா நகரில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். கதைப்படி ஹால் 'பிறந்த' ஊரும் அதே அர்பானாதான்! எவ்வளவு அழகான தற்செயல்.) டார்ச்சு பல்பு ஒன்றை எடுத்து, முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிப் படம் எடுத்தேன். நடுவில் மஞ்சள்! பல்பின் ஒளியில் எல்லா நிறமும் உண்டு. சிவப்புத் தாள் கொஞ்சம் மஞ்சளையும் கசிய விடுகிறது. மிகப் பிரகாசமான நடுவில் அந்தக் கசிவு வெளிப்படுகிறது. எல்.ஈ.டி.யிடம் கசிவதற்கு மஞ்சளே இல்லை. நிறமாலை பற்றிப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அன்று மாலைதான் அதைக் கண்டேன். பத்து நிமிடத்தில் பல்பின் சூட்டில் தாள் சுருண்டு அப்பளமாகிவிட்டது. முடிவில் சிவப்பு எல்.ஈ.டி.க்கு முன்னால் சிறிய மஞ்சள் எல்.ஈ.டி. ஒன்றை 1,000 ஓம் மின்தடையோடு மங்கலாக எரிய வைத்தேன். கண்ணுக்கு அது சரியாக இருக்கிறது. படத்தில் சற்றே பிசகுகிறது. பார்ப்பவர்கள் கண்ணால்தானே பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

செலவுக் கணக்கு சொல்லிவிடுகிறேன். நம் போன்றவர்களுக்கு அதுவே முக்கியம். கருப்பு அக்ரிலிக் வெட்டுத்துண்டு 120 ரூபாய்; முதல் துண்டு அறுக்கும்போது விரிசல் விட்டதால் இரண்டாவதும் 120. அலுமினியக் கோணப்பட்டை, தடுப்புச் சுவர் வேலை செய்யும் கடையில் மிச்சப்பட்டது, 90. எல்.ஈ.டி., மின்தடை, கம்பி 55. குமிழ் 60. சல்லடைக்குக் கம்பி வலை 40. கருப்புத் தெளிப்பு வண்ணம் 190, இதுதான் மனத்தை உறுத்திய செலவு. உப்புத்தாள், பசை 65. மொத்தம் 740. அப்பாவின் ஒரு நாள் சம்பளம் அது.

அப்பா மறைமலை நகர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு மாதம் நான் செய்ததைப் பார்த்தும் பாராதவராக இருந்தார். சட்டத்தைப் பொருத்தி நான் பெருமையாக நின்ற அன்று இரவு அருகில் வந்து, "மட்டம் வச்சுப் பாத்தியாடா?" என்றார். மறுநாள் பட்டறையிலிருந்து மூலைமட்டமும் வெர்னியர் காலிப்பரும் கொண்டு வந்தார். சட்டம் மேலே 125, கீழே 126.4. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றைக் கண்ணை இடுக்காமல் சொல்கிறார்! முதலாம் ஆண்டின் முதல் செய்முறை எங்களுக்கு வெர்னியர். மீச்சிற்றளவுக்குச் சூத்திரம் எழுதி, ஒரு மரக்கட்டையை அளந்து, பத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டேன். சூத்திரம் தெரியாத அப்பா அதை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அன்றாடம் கையாளுகிறார். இத்தனை நாள் 'நான் விஞ்ஞானம் படிக்கிறேன், அப்பா வேலைக்குப் போகிறார்' என்று நினைத்துக் கொண்டிருந்த என் எண்ணம் அந்த 1.4 மில்லிமீட்டரில் உடைந்தது. சட்டத்தைக் கழற்றி மறுபடி அராவினோம். பேச்சு அதிகம் இல்லை. "இன்னும் ஒரு இழை", "போதும்", "திருப்பு". அவ்வளவுதான்.

பிறகு அதை வேறோர் ஊரில் நடந்த மாணவர் விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கொண்டு சென்றேன். நடுவராக வந்த பெரியவர் ஒருவர் ஒரு நிமிடம் பார்த்தார். "அழகாக இருக்கிறது தம்பி. இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?" என்றார். விழித்தேன். அடுத்த மேசையில், கையை நீட்டினால் தானே திறந்துகொள்ளும் குப்பைத்தொட்டி. தொகுப்பாக விற்கும் பாகங்களை வாங்கிப் பூட்டியது. ஏன் திறக்கிறது என்று நான் கேட்டபோது அதைக் கொண்டு வந்தவர்களால் சொல்ல இயலவில்லை. பரிசு அதற்குக் கிடைத்தது. குப்பைத்தொட்டி பயனுள்ளதுதான். ஆனால் பயன் யாருக்கு நேர்ந்தது என்று பார்க்க வேண்டாமா? ஒரு மாணவன் செய்யும் பொருளின் முதல் பயன் அந்த மாணவனுக்குள்ளே நடக்க வேண்டும் என்பது என் துணிபு. பொருள் சுவரில் தொங்கட்டும், பரணில் கிடக்கட்டும்.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். 'அளவெடுக்கக் கற்க வேண்டுமானால் பயனுள்ள பொருளையே செய்து கற்கலாமே' என்பார்கள். கற்கலாம். ஆனால் ஒரு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து 1.4 மில்லிமீட்டருக்காக அராவுவதற்கு ஆசை வேண்டும். எனக்குக் குப்பைத்தொட்டியின் மேல் அந்த ஆசை வராது. ஏழை மாணவனுக்குப் பசி இருக்கலாம், படிப்பு இருக்கலாம், வேலை தேடும் கவலை இருக்கலாம். ஆசை மட்டும் பயனுள்ளதாகப் பார்த்து வர வேண்டும் என்பது என்ன நியாயம்?

அம்மா கேட்டதுதான் எனக்கு விடை சொல்ல இயலாத ஒன்று. "இத வித்தா காசு வருமாப்பா?" என்றார். வராது என்றேன். "சரி, அப்போ வீட்லயே இருக்கட்டும்" என்று அடுப்படி அலமாரிக்கு மேல் ஆணி அடிக்கச் சொன்னார்.

பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. செய்முறைத் தேர்வுக்கு வராத பொருள் ஏதேனும் ஒன்றை, அவரவர் விரும்பியதை, ஆண்டுக்கு ஒரு முறை அளந்து செய்துவர எங்களை அனுமதியுங்கள். மதிப்பெண் வேண்டாம். செய்தவனிடம் 'என்ன பயன்?' என்று கேட்காமல் 'எப்படி அளந்தாய்?' என்று மட்டும் கேளுங்கள். தோழர்களில் யாருக்கேனும் கண்ணைப் பார்க்க விருப்பமிருந்தால், காட்டாங்குளத்தூர் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வரலாம்.

வேலை இன்னும் முடியவில்லை. கண்ணைச் சுற்றியுள்ள வளையம் இப்போது பிளாஸ்டிக் குழாயை அறுத்து வண்ணம் பூசியதுதான். பகல் வெளிச்சத்தில் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. நூறு மில்லிமீட்டர் விட்டத்தில் அலுமினியத் துண்டு ஒன்று கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை லேத்தில் தானே கடைந்து தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.